சின்னச் சட்டையின் அளவு



ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து வானம் தெளிந்துவிட்டால், நீலகிரியில் வாழ்கிறவர்களுக்கு அடுத்து வருவது இன்னதென்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மேகம் போர்த்தாத இரவுகளில் நிலத்தின் வெப்பம் மேலே தப்பிப் போய்விடுகிறது. விடியற்காலையில் தலைகுந்தாவின் புல்வெளியும், காந்தலின் காய்கறித் தோட்டங்களும் உப்பைத் தூவியதுபோல் வெளுத்துக் கிடக்கின்றன. சமவெளியிலிருந்து வந்த விருந்தினர் அதைப் படமெடுக்க ஓடுகிறார்கள். தோட்டக்காரரோ கருகப்போகும் கொழுந்தை நினைத்து நிற்கிறார்.

இந்த நாட்களில்தான் நம் வீடுகளில் ஊசிகள் வெளியே எடுக்கப்படுகின்றன. திருவருகைக் காலம் தொடங்குமுன்னே கம்பளி நூல் உருண்டைகள் கூடைகளில் வந்து அமர்ந்துவிடுகின்றன. பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்திலும், அடுப்பில் சோறு கொதிக்கும் நேரத்திலும் நம் சகோதரிகளின் விரல்கள் ஓய்வதில்லை. பிரசங்க வேளையில்கூட ஒருவர் மடியில் ஊசிகள் மெல்ல அசைவதைக் கண்டிருக்கிறேன். அதை நான் குறையாக எண்ணியதில்லை. பின்னுகிறவர் உறங்குவதில்லை, அந்த மட்டில் ஆயருக்கு அது ஆறுதலே.

பின்னல் வேலையை அருகிலிருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அதில் இருப்பது இரண்டே வகைக் கண்ணிகள். நூலை ஊசிக்குப் பின்னால் வைத்துப் போடுவது ஒன்று, முன்னால் வைத்துப் போடுவது மற்றொன்று. பூவும் இலையும் முறுக்கும் கட்டமும் எல்லாம் இவ்விரண்டின் சேர்க்கையே. 10-ஆம் எண் ஊசியில் விளிம்பைத் தொடங்குவார்கள். பிறகு 8-ஆம் எண்ணுக்கு மாறுவார்கள். எண் குறையக் குறைய ஊசி தடிக்கும் என்பது புதிதாகக் கற்கிறவரைத் திகைக்கவைக்கும் கணக்கு. பெரியவர் ஒருவரின் ஸ்வெட்டருக்கு முதுகுப் பக்கத்தில் மட்டும் 110 கண்ணிகள் வீதம் 160 வரிசைகள் என்று வைத்துக்கொண்டால் 17,600 கண்ணிகள் ஆகின்றன. முன்பக்கத்தையும் இரு கைகளையும் சேர்த்தால் ஐம்பதாயிரத்தை நெருங்கிவிடும். ஐம்பதாயிரம் முறை ஒருவருடைய விரல்கள் அசைந்த பிறகே அது நம் தோளின்மேல் வந்து அமர்கிறது. இதை அறிந்த பிறகு, அன்பளிப்பாக வந்த ஸ்வெட்டரை நாற்காலியின்மேல் சுருட்டி எறிய எனக்கு மனம் வருவதில்லை.

இன்னொன்றும் உண்டு. ஒரே நூல், ஒரே ஊசி, ஒரே எண்ணிக்கையிலான கண்ணிகள் என்று கொடுத்து இருவரைப் பின்னச் சொன்னால், இரண்டும் ஒரே அகலத்தில் அமைவதில்லை. ஒருவர் கை இறுக்கிப் பின்னும். மற்றவர் கை தளர்த்திப் பின்னும். ஆகவேதான் அனுபவமுள்ளவர்கள் முதலில் உள்ளங்கையளவு ஒரு மாதிரித் துண்டைப் பின்னி, அளந்து பார்த்து, அதன் பிறகே சட்டையைத் தொடங்குகிறார்கள். கையெழுத்தைப்போல் கைப்பின்னலும் ஆளுக்கு ஆள் வேறு.

ஆனால் கையின் அளவை அறிந்தால் மட்டும் போதாது. யாருக்காகப் பின்னுகிறோமோ அவருடைய அளவும் தெரிந்திருக்க வேண்டும். தோளின் அகலம் எவ்வளவு, அக்குளிலிருந்து மணிக்கட்டு வரை எவ்வளவு, கழுத்து தடித்ததா மெலிந்ததா? கடையில் வாங்கும்போது சிறியது, நடுத்தரம், பெரியது என்னும் மூன்று சொற்களில் மனிதர்களை அடக்கிவிடலாம். பின்னுகிறவருக்கு அந்தச் சலுகை இல்லை. பின்னி முடிக்கும் வரையில், மூன்று வாரமோ நான்கு வாரமோ, அந்த ஒருவரின் உடல் அவருடைய நினைவில் இருந்துகொண்டேயிருக்க வேண்டும்.

திருமறையில் இதை அறிந்த ஒரு தாய் உண்டு. சாமுவேலின் முதலாம் புத்தகம் இரண்டாம் அதிகாரத்தில், ஒரே ஒரு வசனத்தில், அன்னாள் செய்த காரியம் குறிக்கப்பட்டிருக்கிறது. பால் மறந்த பிள்ளையைச் சீலோவிலுள்ள கர்த்தருடைய ஆலயத்தில் விட்டுவிட்டு அவள் ராமாவுக்குத் திரும்பிவிட்டாள். அதன்பின் ஆண்டுதோறும் கணவனோடு பலிசெலுத்தப் போகும்போது, மகனுக்கென்று ஒரு சின்னச் சட்டையைத் தைத்து எடுத்துச் சென்றாள். அவளுடைய ஜெபத்தைப் பற்றியும் பாடலைப் பற்றியும் எண்ணற்ற பிரசங்கங்கள் உண்டு. இந்தச் சட்டையைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு.

யோசித்துப் பாருங்கள். ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே பார்க்கிற பிள்ளைக்கு எந்த அளவில் தைப்பது? சென்ற ஆண்டு பார்த்த தோள் இன்று எவ்வளவு விரிந்திருக்கும்? ராமாவில் தன் வீட்டிலிருந்துகொண்டு, தன் கண் காணாமல் வளர்கிற மகனின் வளர்ச்சியை அவள் மாதந்தோறும் மனதில் கணக்கிட்டிருக்க வேண்டும். மகனைக் கர்த்தருக்குக் கொடுத்தாள் என்கிறோம். கொடுத்த பின்பும் அவனுடைய அளவை அவள் மறக்கவில்லை.

அன்னாளை நினைக்கும்போதெல்லாம், முன்பு நான் ஊழியம் செய்த மலைச் சபையொன்றில் இருந்த ஓர் அம்மையார் என் நினைவுக்கு வருகிறார். அவருடைய மகளின் சம்மதத்தோடு இதை எழுதுகிறேன்.

அந்த மகள் தன் விருப்பப்படி திருமணம் செய்துகொண்டார். மாப்பிள்ளை ஞானஸ்நானம் பெற்றவர், ஆலயத்துக்குத் தவறாமல் செல்கிறவர், குடிப்பழக்கம் இல்லாதவர். பின் தகப்பனாருக்கு ஏன் அவ்வளவு கோபம் என்று உங்களில் எவரும் கேட்கமாட்டீர்கள். காரணம் நம் அனைவருக்கும் தெரியும். ஒரே அப்பத்தில் பங்குபெறுகிற நாம் அந்தச் சொல்லை ஆலயத்துக்குள் உச்சரிக்கக் கூசுகிறோம்; வெளியே அதன்படி நடக்கக் கூசுவதில்லை. சாதி என்று இங்கே நான் எழுதிவிடுகிறேன். அந்த வீட்டில் மகளின் பெயரை எவரும் சொல்லக்கூடாது என்றாயிற்று. மகள் திருப்பூரில் குடியேறினார். மாப்பிள்ளைக்கு அங்கே ஒரு பனியன் கம்பெனியில் வேலை. மறு ஆண்டு அவர்களுக்கு ஒரு குழந்தை பிறந்த செய்தி, உறவினர் ஒருவர் வழியாக அம்மையாரின் காதுக்கு மட்டும் எட்டியது.

அந்தக் கிறிஸ்மஸுக்கு அவர் ஒரு சட்டை பின்னினார். ஆணா பெண்ணா என்று தெரியாததால் மஞ்சள் நூலை எடுத்துக்கொண்டார். பின்னி முடித்ததைத் தகரப்பெட்டியின் அடியில் வைத்தார். மறு கிறிஸ்மஸுக்கு இன்னொன்று. அதற்கு மறு ஆண்டும் ஒன்று. காணாத பிள்ளைக்கு எப்படி அளவு எடுத்தார்? பக்கத்து வீட்டில் ஏறத்தாழ அதே மாதத்தில் பிறந்த ஒரு பையன் இருந்தான். ஒவ்வோர் அக்டோபரிலும் அவனை அழைத்து, தோளிலும் கையிலும் ஒரு நூலை வைத்துப் பார்த்து, நூலில் முடிச்சுப் போட்டுக்கொள்வார். அந்தப் பையனுக்கு ஒரு பிஸ்கட்டு கிடைக்கும். எதற்கு இந்த அளவு என்று அவன் கேட்டதே இல்லை.

இப்படி ஐந்து சட்டைகள் சேர்ந்தன. ஐந்தாம் ஆண்டில் அம்மையார் நோய்வாய்ப்பட்டார். வீட்டு ஜெபத்துக்குச் சென்ற என்னிடம், கணவர் வெளியே போயிருந்த வேளையில், பெட்டியைத் திறக்கச் சொன்னார். "ஐயா, இதை அவளிடம் சேர்த்துவிடுங்கள். வேறொன்றும் சொல்ல வேண்டாம்" என்றார்.

கணவருக்குத் தெரியாமல் ஒரு மனைவி இவ்வாறு செய்யலாமா, ஆயர் அதற்குத் துணைபோகலாமா என்று பின்னாளில் ஒரு மூப்பர் என்னிடம் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். என் பதில் அன்றும் இன்றும் ஒன்றே. அந்த வீட்டில் தவறு செய்தவர் பின்னியவர் அல்ல.

திருப்பூரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உலகத்துக்கே பின்னலாடை அனுப்புகிற ஊர் அது. மேட்டுப்பாளையத்தில் இறங்கியதுமே ஸ்வெட்டரைக் கழற்றிவிடுகிற நாம், அன்னூர், அவிநாசி தாண்டி அங்கே போய்ச் சேரும்போது வேர்த்துக்கொண்டிருப்போம். எந்நேரமும் இயந்திரங்கள் துணி பின்னிக்கொண்டிருக்கிற அந்த ஊருக்கு, கையால் பின்னிய ஐந்து கம்பளிச் சட்டைகளை ஒரு துணிப்பையில் சுமந்துகொண்டு போனபோது, இதைவிடத் தேவையற்ற சுமை வேறு இருக்குமா என்று எனக்கே தோன்றியது.

மகள் அவற்றைக் கட்டிலின்மேல் ஒவ்வொன்றாகப் பரப்பினார். மஞ்சள் சட்டை என் உள்ளங்கையைவிடச் சற்றே பெரியது. அடுத்தது அதைவிட நான்கு விரல் நீளம். இப்படியே ஐந்தாவது வரையில். ஐந்து ஆண்டுகள் அந்தக் கட்டிலில் வரிசையாகக் கிடந்தன. அவர் அழவில்லை. விளிம்பைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து, "அம்மா எப்பொழுதும் இப்படித்தான் இறுக்கிப் போடுவார்கள்" என்றார்.

பேத்தி ஐந்தாவது சட்டையை உடனே அணிந்துகொண்டாள். பக்கத்து வீட்டுப் பையன் பருமனானவன், இவளோ ஒல்லி. சட்டை தோளில் தொளதொளத்தது. கையோ மணிக்கட்டுக்கு இரண்டு விரல் மேலேயே நின்றுவிட்டது. நண்பகல் வெயிலில் அவள் அதைக் கழற்ற மறுத்து, நெற்றி வியர்க்க வீட்டுக்குள் சுற்றி வந்தாள். நான் புறப்படும்போது மகள் தையல் பெட்டியிலிருந்து ஒரு நூலை எடுத்து, பிள்ளையின் அக்குளிலிருந்து மணிக்கட்டு வரை பிடித்து, முடிச்சுப் போட்டு, தோளுக்கும் அவ்வாறே செய்து, என் கையில் கொடுத்தார். "இதுதான் அளவு என்று அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள், ஐயா" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

அந்த நூலை என் வேதப்புத்தகத்துக்குள் வைத்து மலைக்குக் கொண்டுவந்தேன். அம்மையார் அதை வாங்கி, முடிச்சுகளை விரலால் தடவி, "கை நீளம், அவள் அம்மாவைப்போல" என்றார். ஆறாவது சட்டையை அவர் படுக்கையிலிருந்தே பின்னினார். ஒரு கை மட்டும் மீதியிருக்கும்போது ஊசி பிடிக்கிற பலம் போய்விட்டது. சபையின் சகோதரி ஒருவர் அந்தக் கையைப் பின்னி முடித்தார். மறு ஆண்டு ஈஸ்டருக்குமுன் அம்மையார் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அடக்க ஆராதனைக்கு மகள் வந்தார். தகப்பனார் தடுக்கவில்லை, பேசவும் இல்லை. அன்றைக்குச் சட்டையைப் பெற்றுக்கொண்ட மகள், ஒரு கையின் பின்னல் சற்றுத் தளர்ந்திருப்பதைக் கண்டு, "இது யார் போட்டது?" என்று கேட்டார். அதற்குமேல் அந்தக் குடும்பத்தில் ஏதேனும் நடந்ததாகச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

கட்டிலில் பரப்பிய சட்டைகளைப் பார்த்தபோது எனக்கு யோப்பா பட்டணத்து மேல்வீடு நினைவுக்கு வந்தது. அப்போஸ்தலருடைய நடபடிகள் ஒன்பதாம் அதிகாரத்தில், தபீத்தாள் இறந்தபின் பேதுரு வந்து சேருகிறார். விதவைகள் அவரைச் சூழ்ந்து நின்று, அவள் தங்களோடிருந்தபோது செய்த வஸ்திரங்களை அழுதுகொண்டே காண்பிக்கிறார்கள். அவர்கள் அவளுடைய நற்குணங்களைப் பட்டியலிடவில்லை, துணிகளைக் காட்டினார்கள். லூக்கா பயன்படுத்திய கிரேக்க வினைச்சொல், அவற்றைத் தங்கள்மேலேயே அணிந்திருந்து காட்டினார்கள் என்று பொருள்கொள்ளவும் இடந்தருகிறது என்பர் உரையாசிரியர் சிலர். எனக்கு அந்த வாசிப்பே பிடித்திருக்கிறது. ஒவ்வொரு விதவையின் உடலும் அவளுடைய கை அறிந்த உடல். புதிய ஏற்பாடு முழுவதிலும் 'சீஷி' என்னும் பெண்பால் சொல் ஒரே ஒருத்திக்குத்தான் வழங்கப்பட்டிருக்கிறது. அவள் ஊசி பிடித்தவள்.

நம் தென்னகத் திருச்சபையும் ஊசியின் வல்லமையை அறியும். 1819-இல் நாகர்கோவிலுக்கு வந்த மால்ட் தம்பதியரில் மார்த்தா மால்ட் அம்மையார் அங்குள்ள பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அந்த வருமானத்தைக்கொண்டு அடிமைத்தளையிலிருந்து மீட்புப் பெற்ற பெண்கள் உண்டு. அவருடைய மகள் எலைசா, கால்டுவெல் ஐயரை மணந்து இடையன்குடிக்குச் சென்றபோது அந்தக் கைவேலையையும் உடன் கொண்டுசென்றார். அந்த லேஸ் விற்பனைக்காகப் பின்னப்பட்டது. யார் கழுத்தை அலங்கரிக்கும் என்று பின்னியவர்களுக்குத் தெரியாது. அதன் பயன் வேறு, அதன் மேன்மை வேறு. நாம் இப்போது பேசுவது, அணிகிறவர் இன்னார் என்று அறிந்து பின்னுகிற பின்னலை.

இனி நம் சபையின் காரியத்துக்கு வருகிறேன். ஆண்டுதோறும் டிசம்பரில் நாம் போர்வைகள் வழங்குகிறோம். மொத்த விலைக்கு வாங்கி, வரிசையில் நிற்கவைத்து, ஒரே நிறத்தில், ஒரே அளவில் கொடுக்கிறோம், படமும் எடுத்துக்கொள்கிறோம். அதை நிறுத்தச் சொல்லவில்லை. குளிரில் நடுங்குகிறவரிடம், சமாதானத்தோடே போய்க் குளிர்காயுங்கள் என்று வாயால் மட்டும் சொல்லி அனுப்புவதால் என்ன பயன் என்று யாக்கோபு கேட்கிறார். அந்தக் கேள்விக்கு நம் போர்வைகள் ஒருவாறு பதில் சொல்கின்றன. ஆனால் சென்ற ஆண்டு போர்வை வாங்கியவர்களில் எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும்?

பவுல் சிறையிலிருந்து தீமோத்தேயுவுக்கு எழுதிய கடைசி நிருபத்தை வாசிக்கும்போது, துரோவாவில் கார்ப்பு என்பவர் வீட்டில் தாம் வைத்துவந்த மேலங்கியைக் கொண்டுவரச் சொல்வதைக் காண்கிறோம். மாரிகாலத்துக்குமுன் வந்துவிடும்படியும் வேண்டுகிறார். ஏதோ ஒரு போர்வையை அவர் கேட்கவில்லை. தம் தோளுக்குப் பழகிய அந்த ஒரு மேலங்கியைக் கேட்கிறார். குளிரில் இருக்கிறவனுக்கும் தன்னுடையது என்று ஒன்று வேண்டியிருக்கிறது.

நம்மைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் ஜார்க்கண்ட், ஒடிசா, அசாம் முதலான மாநிலங்களிலிருந்து வந்த குடும்பங்கள் இப்போது கொழுந்து பறிக்கின்றன. லயன் வீடுகளில் அவர்களுடைய பிள்ளைகள் பெரியவர்களின் சட்டைக்குள் கைகளை இழுத்து மறைத்துக்கொண்டு காலை வெயிலுக்குக் காத்திருப்பதை நீங்களும் பார்த்திருக்கிறீர்கள். அவர்கள் பேசும் மொழி நமக்குப் புரியவில்லை என்கிறோம். 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து ஒரு பெட்டியோடு இம்மலைக்கு வந்து சேர்ந்த குடும்பங்கள் நம் சபையிலேயே உண்டு. அவர்கள் பேசியது தமிழ்தான். அப்படியிருந்தும் அவர்களை அந்நியராகவே பார்த்தவர்கள் இங்கே இருந்தார்கள். முதல் குளிர்காலத்தை எப்படிக் கடந்தீர்கள் என்று அந்தப் பெரியவர்களிடம் ஒருநாள் அமர்ந்து கேளுங்கள். அந்நியனுக்கு அன்னமும் வஸ்திரமும் கொடுத்து அவன்மேல் கர்த்தர் அன்புகூருகிறார் என்று உபாகமம் பத்தாம் அதிகாரம் சொல்லி, நீங்களும் அந்நியராயிருந்தீர்களே என்று உடனே நினைவுபடுத்துகிறது.

ஆகவே இவ்வாண்டு பெண்கள் ஐக்கிய சங்கத்தார் ஒரு தீர்மானம் எடுத்திருக்கிறார்கள். போர்வைகளோடுகூட, மேல் லயனிலுள்ள பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு ஸ்வெட்டர் பின்னப்படும். பின்னுமுன் அளவு எடுக்க வேண்டும். அளவு எடுக்க அவர்கள் வீட்டுக்குப் போக வேண்டும். வாசலில் உட்கார வேண்டும். பிள்ளையின் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். இருவர் இருவராகச் சென்ற சகோதரிகள் பாதி வீடுகளை முடித்துவிட்டார்கள். ஒரு வீட்டில் கறுப்புத் தேநீர் கொடுத்தார்களாம்; மறுக்காமல் குடித்ததாகச் சொன்னார்கள். நல்லது.

வருகிற சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு ஆலய மண்டபத்தில் கூடுகை உண்டு. அளவுச் சீட்டுகள் மேசையின்மேல் இருக்கும். ஒருவர் ஒரு சீட்டை எடுத்துக்கொண்டால் அந்தப் பிள்ளை அவருடைய பொறுப்பு. பின்னத் தெரியாதவர்கள் நூல் வாங்கித் தரலாம். வீட்டில் சிறியதாகிப்போன பழைய ஸ்வெட்டர்கள் இருந்தால் பிரித்து, துவைத்து, நெளிவு போக உலர்த்திக் கொண்டுவாருங்கள், நூல் வீணாகாது. ஆண்களும் வரலாம், உருண்டை சுற்றுவதற்குக் கை நீட்டிக்கொண்டு உட்கார ஆள் தேவைப்படுகிறது.

பிள்ளைகள் கேட்ட நிறமும் சீட்டிலேயே எழுதப்பட்டிருக்கிறது. பெரும்பாலோர் சிவப்பு கேட்டிருக்கிறார்கள். ஒரு சிறுவன் மட்டும் இரண்டு பக்கமும் பை வேண்டும் என்கிறான். பை வைத்துப் பின்னத் தெரிந்தவர்கள் அவனுடைய சீட்டை எடுத்துக்கொள்ளும்படி வேண்டுகிறேன்.